சாவிக்கொத்தும் கடிகாரமும்

தமிழ்த் திரைப்படம் நமக்குக் கற்றுக்கொடுத்த வைத்தியங்களுள் சாவிக்கொத்து முதன்மையானது. ஒருவர் வலிப்பு வந்து விழுவார், யாரோ ஓடிவந்து கையில் இரும்பைத் திணிப்பார், துடிப்பு அடங்கும். அடங்குவது உண்மைதான். பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடங்களில் தாமாகவே நின்றுவிடுகின்றன. பெருமை இரும்புக்குப் போய்ச்சேர்கிறது.

பெயரிலேயே குழப்பம் இருக்கிறது. கால் கை வலிப்பு என்பதுதான் காக்காய் வலிப்பு என மருவியதாகச் சொல்வார்கள். காக்கை, பாவம், இதில் சம்பந்தப்படாதது. மூளை நரம்பணுக்களின் மின்செயல்பாடு சிறிது நேரம் கட்டுமீறிப் போவதே வலிப்பு.

குழந்தைகளிடம் அது பல உருவங்களில் வருகிறது. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை காய்ச்சலோடு வரும் வலிப்பு, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு ஏற்படுகிறது. பார்த்திருக்கும் தாய்க்குப் பிள்ளை போய்விட்டது என்றே தோன்றும். ஆயினும் அவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு மூளைக்கு ஊறு நேர்வதில்லை. பின்னாளில் வலிப்பு நோயாக அது தொடர்வதுமில்லை. இன்னொரு வகை ஓசையற்றது. பாடத்தின் நடுவே பிள்ளை சில விநாடிகள் வெறித்துப் பார்க்கும், இமை துடிக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரே நாளில் பலமுறை வரலாம். வகுப்பறையில் இதற்குப் பெயர் 'பராக்குப் பார்ப்பது', வைத்தியம், பிரம்பு. இந்தப் பிள்ளைகளைப் பற்றித்தான் நமக்குக் கூடுதல் கவலை. விழுகிற பிள்ளையைத் தூக்க நாலு பேர் வருவார்கள்.

தஸ்தயேவ்ஸ்கியின் 'அசடன்' நாவலில், வலிப்புக்கு முந்தைய கணத்தில் மிஷ்கினுக்கு வாய்க்கும் பேரொளியை நாம் வியந்து பேசியிருக்கிறோம். 1878 மே மாதம் அவருடைய மகன் அல்யோஷா, மூன்று வயது நிறையுமுன், வலிப்பு கண்டு இறந்ததை அந்த அளவு பேசியதில்லை. தன் நோயே பிள்ளைக்கு இறங்கியதென்று அவர் உடைந்துபோனதை மனைவி அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் பதிந்திருக்கிறார். இன்று முறையாக மருந்து உட்கொண்டால், வலிப்பு நோயுள்ளோரில் நூற்றுக்கு எழுபது பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும்.

அருகிலிருப்பவர் செய்யவேண்டியது மிகக் குறைவு. பதற்றத்தில் அதுவே கடினம். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வழிய விடவேண்டும். இடிபடும் பொருள்களை விலக்கலாம். கைகால்களை அமுக்கிப் பிடிக்கலாகாது. வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதுவும் கூடாது. பிறகு கடிகாரத்தைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்புமுன் மறுபடி வந்தாலோ, மூச்சு சீராகாவிட்டாலோ உடனே 108. முதன்முறை வந்தது என்றால், நின்றுவிட்டாலும் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டவேண்டும்.

இவ்வளவையும் யாரிடமாவது சொல்லிவைத்தால்தானே செய்வார்கள்? பெண் குழந்தையாக இருந்துவிட்டால் மருந்துச்சீட்டு ஜாதகத்தைவிடப் பத்திரமாக ஒளித்துவைக்கப்படுகிறது. திருமணத்துக்குத் தடையான காரணங்களிலிருந்து வலிப்பை இந்து திருமணச் சட்டம் 1999-லேயே நீக்கிவிட்டது. சம்பந்தம் பேசுகிறவர்கள் நீக்கவில்லை. நீடிக்கும் வலிப்பை நிறுத்த மூக்கில் பீய்ச்சும் மிடசோலம் மருந்தை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். பள்ளியில் ஒருவரிடமும் சொல்லாத வீட்டில் அந்த மருந்து அலமாரியில் இருக்கும். பிள்ளை வகுப்பில் இருக்கும்.