இருமலை மறைக்க வேண்டாம்

தறியில் அமர்ந்து இருமும் நம் அங்கத்தினர் “பஞ்சுத் தூசி” என்றும், களத்தில் இருமுவோர் “புழுதி” என்றும் சொல்லி நாள் கடத்துகின்றனர். தூசியும் நுரையீரலுக்குப் பகையே. ஆயினும் இரண்டு வாரம் நீடிக்கும் இருமல் காசநோயாகவும் இருக்கலாம். சளியைப் பரிசோதித்தாலன்றித் தெளிவாகாது.

தொழிலையும் குடும்பத்தையும் பிரிய நேருமோ என்ற அச்சமே நோயை மறைக்கச் செய்கிறது. சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆராய்ச்சியில் ஏழை நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்திலும், மறுசாரார் வீட்டிலும் ஓராண்டு மருந்துண்டனர். இருசாராரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டுச் சிகிச்சையால் குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகப் பரவவுமில்லை என்று வெளியான முடிவு உலகுக்கே வழிகாட்டிற்று.

இன்று பெரும்பாலோர்க்கு ஆறு மாத மருந்தே போதும். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சற்றுத் தேறியதும் மருந்தை நிறுத்துவதே பெருங்கேடு.

நம் சங்கங்களுக்கும் கடமையுண்டு. நோயுற்றவருக்கு நூல் மறுக்கும் சங்கம் நோயை மறைக்கவே கற்பிக்கிறது. சேலம், நாமக்கல் வட்டாரச் சங்கங்கள், ஓய்விலிருக்கும் நெசவாளருக்குரிய பாவை அவர் திரும்பும்வரை காத்துவைக்கட்டும்; உழவருக்குக் கடன் தவணையை நீட்டித் தரட்டும். துன்பத்தில் தோள் கொடுப்பதே கூட்டுறவு என்பது எமது துணிபு.