காய்ச்சல் மூணு நாள்ல போச்சு... மறதி ஏன் போகல? கொரோனா நம் மூளையை என்ன செய்கிறது?

``கொரோனாவா... அதெல்லாம் முடிஞ்சுபோன கதைங்க!" உலக சுகாதார நிறுவனமும் 2023 மே 5-ம் தேதியே அவசரநிலை முடிந்ததாக அறிவித்துவிட்டது. ஆனால், மூளை ஆராய்ச்சியாளர்கள் இந்த வைரஸை இன்னும் விட்டபாடில்லை.

போனை எதுக்கு எடுத்தோம்னு மறந்துபோறது, தெரிஞ்ச வார்த்தை நாக்கு நுனியிலேயே நிக்கிறது, ஒரே பத்தியை மூணு தடவை படிச்சும் மனசுல ஏறாதது... இதைத்தான் `பிரெய்ன் ஃபாக்' என்கிறார்கள். வீட்டில் சொன்னால், ``எந்நேரமும் போனை நோண்டினா அப்படித்தான்" என்று திட்டு விழும். ஆபீஸில் சொன்னால் சோம்பேறிப் பட்டம். அதனால் பலரும் வெளியே சொல்வதே இல்லை.

சிலருக்கு அது தெரிவதுகூட இல்லை என்பதுதான் விஷயமே. லண்டனில் 18 முதல் 30 வயதுக்குள் இருக்கும் ஆரோக்கியமான தன்னார்வலர்களின் மூக்கில் கொரோனா வைரஸை விட்டு ஆராய்ந்தார்கள் (ஆமாங்க, அவங்க சம்மதத்தோடதான்!). அதில் 34 பேரின் நினைவாற்றல், கவனம், சிந்தனை வேகத்தை ஓராண்டு வரை தொடர்ந்து சோதித்து, 2024-ல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று ஏற்பட்ட 18 பேரின் மதிப்பெண், மற்றவர்களைவிட சற்றே குறைந்திருந்தது. யாருக்கும் நோய் தீவிரமாகவில்லை. எனக்கு மறதி நீடிக்கிறது என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

34 பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும்? நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் இம்பீரியல் காலேஜ் நடத்திய ஆய்வும் அதே 2024-ல்தான் வந்தது. தொற்று வந்து முழுசாகக் குணமானவர்களுக்கு ஐ.க்யூ கணக்கில் சுமார் 3 புள்ளிகள் குறைவு. அறிகுறிகள் நீடித்தவர்களுக்கு 6. ஐ.சி.யூ வரை போனவர்களுக்கு 9. இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நீண்ட நாள் அவதிப்பட்டு அறிகுறிகள் நீங்கியவர்களின் மதிப்பெண், சீக்கிரம் குணமானவர்களுக்கு இணையாகவே இருந்தது. ஒமைக்ரான் காலத்தில் தொற்றியவர்களுக்கு, தொடக்க கால வைரஸ் தொற்றியவர்களைவிட பாதிப்பும் குறைவு. 3 புள்ளி என்பது உங்கள் தினசரி வேலையைக் கவிழ்த்துவிடாது; பயந்து தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனா, `எல்லாம் மனப்பிரமை'ன்னு ஒதுக்குறதும் சரியில்ல.

சரி, நுரையீரல் வைரஸுக்கு மூளையில் என்ன வேலை? வாசனை போன கதையிலிருந்து தொடங்கலாம். வைரஸ் நுழைய செல்லின் மேல் ஏ.சி.இ-2 என்ற வாசல் வேண்டும். மூக்கில் வாசனையை உணரும் நரம்பு செல்களில் அந்த வாசல் இல்லை. அவற்றைத் தாங்கிப் பராமரிக்கும் துணை செல்களில் இருக்கிறது. துணை செல்கள் அடிவாங்க, நரம்புகளும் முடங்குகின்றன. மூளையிலும் பெரும்பாலும் இப்படி மறைமுகத் தாக்குதல்தான். உடல் வைரஸோடு போராடும்போது ஏற்படும் அழற்சி, மூளையின் காவல்காரர்களான மைக்ரோகிளியா செல்களை உசுப்பிவிடுகிறது. நுரையீரலில் மட்டும் லேசான தொற்று கொடுக்கப்பட்ட எலிகளின் மூளையிலும் இந்த செல்கள் வாரக்கணக்கில் அடங்காமல் இருந்தன. ரத்தம் உறையும் தன்மை அதிகரிப்பது இன்னொரு பக்கம். பக்கவாத அபாயம் கூடுவது அதனால்தான்.

இதற்கென்று தனி மாத்திரை எதுவும் கிடையாது. `மெமரி பூஸ்டர்' விளம்பரங்களுக்குப் பணத்தைக் கொட்டாதீர்கள். மறதி பல வாரங்கள் நீடித்தால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு, பி-12 குறைபாடு, தூக்கமின்மை, மனச்சோர்வு என எதுவாகவும் இருக்கலாம், இவற்றுக்கு சிகிச்சை உண்டு. வேலை செய்த மறுநாள் படுக்கையில் தள்ளும் அளவுக்கு சோர்வு வந்தால், பல்லைக் கடித்துக்கொண்டு இழுக்காமல் வேலையைப் பிரித்துப் பிரித்துச் செய்யுங்கள். வாசனை இன்னும் திரும்பாதவர்கள் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் நான்கையும் தினம் இரண்டு வேளை, மூன்று மாதங்களுக்கு முகர்ந்து பழகலாம்.

திடீரென முகம் ஒருபக்கம் கோணினாலோ, கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது பிரெய்ன் ஃபாக் இல்லைங்க, பக்கவாதமாக இருக்கலாம். கூகுளில் தேடிக்கொண்டிருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.