பொருந்துகிறவர் எந்த லயத்தில் இருக்கிறாரோ

இரத்தம் கொடுப்பது நமது தோட்டங்களுக்குப் புதிதல்ல. மேதினத்துக்கோ கோயில் திருவிழாவுக்கோ முகாம் வைத்தால் இளைஞர்கள் வரிசையில் நிற்கிறார்கள். ஆனால் எலும்பு மச்சை என்று சொன்னதும் பேச்சு நின்றுவிடுகிறது. "முதுகெலும்பில் ஊசி குத்துவாங்களாம், அப்புறம் கூடை தூக்க முடியாதாம்" என்று யாரோ சொன்ன கதை லயத்துக்கு லயம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அந்தக் கதை தவறு. மச்சை என்பது எலும்புக்குள்ளே இரத்தத்தை உண்டாக்கும் மென்மையான பகுதி. இரத்தப் புற்றுநோய், தலசீமியா போன்ற நோய் வந்தவர்களில் சிலருக்கு, நலமான இன்னொருவரின் மச்சை அணுக்களைப் பெறுவதே குணமாகும் வழி. இன்று பெரும்பாலான கொடையாளர்களின் எலும்பை யாரும் தொடுவதேயில்லை. நான்கைந்து நாள் ஊசி மருந்து கொடுப்பார்கள். பிறகு ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் தேவையான அணுக்களை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை உடம்புக்கே திருப்பிவிடுவார்கள். அதற்குச் சில மணித்தியாலம் ஆகும். ஊசி போடும் நாட்களில் காய்ச்சல் கண்டது போல உடம்பு உளையும், தலை வலிக்கும். அதை மறைக்கத் தேவையில்லை. சிலரிடம் மட்டும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து எடுப்பார்கள். முள்ளந்தண்டிலிருந்து அல்ல. எடுத்தது சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். சிறுநீரகத் தரகர்களின் கதைகளைக் கேட்டுப் பயந்தவர்கள் இதையும் அதோடு சேர்த்துவிடுகிறார்கள். சிறுநீரகம் கொடுத்தால் திரும்ப முளைக்காது, மச்சை அப்படியல்ல.

பதிந்துகொள்வது அதைவிடச் சுலபம். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவி எடுப்பார்கள், அல்லது கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். அவ்வளவுதான். பொருத்தமான நோயாளி ஒருவர் வந்தால்தான் அழைப்பு வரும். பலருக்கு ஆயுள் முழுவதும் வராது.

பிரச்சினை பொருத்தத்தில்தான் இருக்கிறது. இரத்த வகையை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இழைய வகைகளை அப்படி எண்ண முடியாது. பாதி தகப்பனிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புத்தான். வீட்டுக்கு இரண்டு பிள்ளை என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில் அண்ணன் தம்பியை மட்டும் நம்பியிருக்க முடியாது. வெளியே தேடினால், உலகப் பதிவேடுகளில் 4 கோடிக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களில் பெரும் பங்கினர் ஐரோப்பிய வம்சத்தவர். தெற்காசியர் தொகைக்கு ஏற்ற அளவில் அதில் இல்லை. ஆகவே நமது பிள்ளை ஒன்றுக்கு நோய் வந்தால், அந்தப் பெரிய பட்டியலில் தேடியும் வெறுங்கையோடு திரும்ப நேரலாம்.

பொருந்துகிறவர் பெரும்பாலும் நம் வம்சத்தில்தான் இருப்பார். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் நமது குடும்பங்களை இரண்டாக வெட்டியது. அண்ணன் பதுளையில், தங்கை கூடலூரில் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் அறியாமல் இருக்கிறார்கள். அவர்களின் இழைய வகைக்குக் கடவுச்சீட்டு கிடையாது. இந்தியாவில் 2009 முதல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தாத்ரி என்ற பதிவேடு இயங்குகிறது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் உள்ள சொந்தங்களுக்கு போன் பேசும்போது கல்யாணம், காதுகுத்தோடு இதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். லண்டனிலும் டொரன்டோவிலும் உள்ளவர்களுக்கு அங்கேயே பதிவேடுகள் உண்டு. இங்கே இருக்கும் நாம் இரத்த வங்கிக்குப் போகும்போது, மச்சைக் கொடையாளராகப் பதிவது பற்றி விசாரித்துக்கொள்ள வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம். பெயர் கொடுப்பதற்கு முன் வீட்டில் பேசிவிடுங்கள். மச்சை மாற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்பே நோயாளியின் சொந்த மச்சையைக் கடும் மருந்தால் அழித்துவிடுவார்கள். அந்த நேரத்தில் "மாமியார் வேண்டாம் என்கிறார்" என்று கொடையாளர் பின்வாங்கினால், அந்தப் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து. மனமில்லாவிட்டால் தொடக்கத்திலேயே இல்லை என்பது நேர்மை. அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நமது பையன்கள் மாதத்துக்கொரு சிம் மாற்றுகிறார்கள். பதிந்தவர்கள் நம்பர் மாறினால் அறிவிக்க வேண்டும்.

எமது சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. முகாமுக்கு வரும் பெண்களில் எத்தனை பேர் "இரத்தம் போதாது" என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது தலைவிமாருக்குத் தெரியும். ரொட்டியும் வெறுந்தேத்தண்ணியும் குடித்து மலையேறும் உடம்பில் இரும்புச்சத்து எங்கிருந்து வரும்? சம்பளக் கோரிக்கையை மேசையில் வைக்கும்போது இதையும் வைப்போம். இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடிய உடம்பு நமது பெண்களுக்கும் வேண்டும்.

அடுத்து, பேர். கொழுந்தெடுக்கிறவர் கொழும்புக்கு ஒரு நாள் போனால் ஒரு பேர் போய்விடும். ஊசி போடும் நாட்களையும் சேர்த்தால் ஒரு வாரம். மாதச் சம்பளக்காரருக்கு லீவு கிடைக்கும், இவருக்குப் பட்டினி. மச்சைக் கொடைக்கு அழைக்கப்படும் தொழிலாளிக்கு அத்தனை நாளுக்கும் முழுப் பேர் போட வேண்டும், பயணச் செலவும் தர வேண்டும் என்று கம்பனிகளிடம் கேட்கப்போகிறோம். அடுத்த முகாமுக்கு நாள் குறிக்கும் தோட்டக் கமிட்டிகள், தமிழ் பேசும் ஊழியரும் தமிழ்ப் படிவமும் வேண்டும் என்று இரத்த வங்கிக்கு முன்கூட்டியே கடிதம் கொடுக்க வேண்டும். அன்றைய பேர் பற்றித் துரையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பெரட்டில் சொன்ன வாக்கு சம்பளத் துண்டில் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியாததா?