பேஸ் பொக்ஸுக்கு எந்த அம்ப்?

சிலாவத்துறையில நம்ம பொடியன்கள் தாங்களே பலகை அறுத்து சப்வூபர் பொக்ஸ் செய்கிறார்கள். சந்தோஷம். அம்ப் வாங்கப் போகும்போதுதான் வாப்பா கடலில் உழைத்த காசு கரைகிறது.

நாங்களும் ஏமாந்தவர்கள்தான். "300 வோட்ஸ்" என்று அட்டையில் போட்ட சின்ன போர்டை வாங்கி 12 வோல்ட் பற்றரியில் கொடுத்தோம். 4 ஓம் ஸ்பீக்கரில் அதற்குச் சுத்தமாக வருவது கூடினால் 18 வோட்ஸ். 12ஐ 12ஆல் பெருக்கி 8ஆல் வகுத்துப் பாருங்கள், ஓ.எல். பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. சத்தம் போதாதென்று வொலியூமைத் திருகு திருகென்று திருகினோம். அலையின் தலை வெட்டுப்பட்டு, மலிவு ஸ்பீக்கரின் கொயில் கருகிப்போனது.

அதனால் அட்டையை நம்பாமல் ஆர்.எம்.எஸ். எவ்வளவு, எத்தனை வோல்ட்டில் என்று கேளுங்கள். வோல்ட்டை இரட்டித்தால் வோட்ஸ் நாலு மடங்கு. போர்டு தாங்குமானால் 24 வோல்ட் சப்ளைக்குத்தான் முதலில் காசு போட வேண்டும் என்பது எங்கள் கருத்து. இரண்டு 4 ஓம் ஸ்பீக்கரைப் பெரலலாகக் கொடுத்தால் 2 ஓம், அதையும் விசாரியுங்கள். 100 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டும் லோ பாஸ் இல்லாத போர்டு வேண்டாம்.

கருகிய கொயில் பள்ளிக்கூட லேப்பில் இருக்கிறது. வாங்க முதல் ஒருக்கா வந்து பாருங்கள்.