ஆட்டுப் பாலும் ஆறு மாதக் குழந்தையும்

திருச்செந்தூர் வட்டாரத்தின் செம்மண் தேரிகளைக் கண்டவர்கள், அங்கே மேயும் வெள்ளாடுகளையும் கண்டிருப்பார்கள். கரிய உடலும் முகத்தில் வெண்கோடுகளும் கொண்ட கன்னி ஆடும், நெடிய கால்களையுடைய கொடி ஆடும் நம் தென்மாவட்டங்களுக்கே உரிய இனங்கள். மாடு கட்டித் தீனி போட இயலாத ஏழைக்கு, உடை மரத்து நெற்றைத் தின்று வாழும் ஆடு பெருஞ்செல்வம் என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. அதன் பால் குழந்தைக்கு ஏற்றதா என்பதைக் குறித்தே இங்கு என் கருத்தைச் சொல்ல விழைகிறேன்.

என் அக்காவுக்குக் குழந்தை பிறந்த மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் போதவில்லை. வீட்டு ஆட்டில் கறந்த பாலைத் தண்ணீர் கலந்து ஊட்டினார் ஆச்சி. நான் தயங்கியபோது, "காந்தித் தாத்தா குடிச்ச பாலுல! பிள்ளைக்கு என்ன செய்யப் போவுது?" என்றார். எட்டாம் மாதத்தில் குழந்தை வெளிறிப் போயிற்று, சிரிப்பும் குறைந்தது. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் இருப்பதாகச் சொல்லி, ஃபோலிக் அமிலமும் பி12 வைட்டமினும் கொடுத்தார். குழந்தை தேறியது. ஆச்சியோ இன்றுவரை தேறவில்லை. அவர் ஊட்டியது அன்பைத்தானே!

ஆட்டுப் பாலில் குறையென்ன? சுண்ணாம்புச் சத்தும் புரதமும் பசும்பாலுக்குச் சளைக்காமல் அதில் உள்ளன. கொழுப்புத் துளிகள் சிறியவை. ஆயின், ஃபோலிக் அமிலம் பசும்பாலில் இருப்பதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே உள்ளது. பி12 அதனினும் குறைவு. இரும்புச் சத்தோ மிகச் சொற்பம். இரத்தம் ஊறவும் மூளை வளரவும் இவை இன்றியமையாதவை. புரதமோ தாய்ப்பாலைப் போல் மூன்று மடங்கு. பச்சிளங் குழந்தையின் சிறுநீரகத்துக்கு அது பெருஞ்சுமை. தண்ணீர் கலந்தால் சுமை குறையலாம். இருக்கின்ற சத்தும் சேர்ந்தே குறையும். ஆட்டுப் பாலை மட்டுமே உண்டு வளர்ந்த குழந்தைகளுக்கு வரும் இச்சோகையை ஐரோப்பிய மருத்துவர்கள் 1920-களிலேயே கண்டு எழுதினர்.

இதற்கு மருந்து கண்ட வரலாற்றில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. 1928-இல் பம்பாய்க்கு வந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர், ஆலைத் தொழிலாளப் பெண்கள் கருவுற்ற காலத்தில் இத்தகைய சோகையால் வாடியதை ஆராய்ந்து, ஈஸ்ட் சாறு அதைத் தீர்ப்பதைக் கண்டார். அதிலிருந்த பொருள் 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் பெற்றது.

காந்தியடிகளைச் சான்று காட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். பால் அருந்துவதில்லை என்று விரதம் பூண்டிருந்த அடிகள், 1918-இல் கடும் வயிற்றுப்போக்கால் நலிந்த பின்னரே, கஸ்தூரிபாயின் யோசனைப்படி ஆட்டுப் பாலை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 49! காயும் கனியும் உண்டவருக்கு உகந்தது, வேறொன்றும் உண்ணாத சிசுவுக்கும் உகந்ததாகுமா?

அதற்காக ஆட்டுப் பாலை அடியோடு விலக்குவதும் அறியாமையே. ஒரு வயது கடந்து, சோறும் பருப்பும் கீரையும் உண்ணும் பிள்ளைக்கு அது நல்ல உணவு. மடகாஸ்கர் தீவில் ஊட்டமின்றி மெலிந்த, ஒன்று முதல் ஐந்து வயதுள்ள பிள்ளைகளிடம் நடத்தி 1994-இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டுப் பால் அருந்தியவர்கள் பசும்பால் அருந்தியவர்களுக்குக் குறையாமல் எடை கூடினர். அதில் குறைந்துள்ள ஃபோலிக் அமிலத்தையும் இரும்புச் சத்தையும் வேலியோரத்து முருங்கைக்கீரையும் பாசிப்பயறும் தரும். இரண்டும் நமக்கு எட்டாதவையல்ல.

பச்சையாகக் குடித்தால்தான் பலம் என்பாரும் உளர். மால்ட்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர்களை வாட்டிய காய்ச்சல் ஆட்டுப் பாலால் பரவுவதை ஸம்மிட் என்னும் மருத்துவர் 1905-இல் கண்டறிந்தார். மறு ஆண்டு படையினருக்கு அப்பாலை நிறுத்தவே நோயும் தணிந்தது. எனவே காய்ச்சியே அருந்த வேண்டும். பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப் பால் ஒத்துக்கொள்ளும் என்பதும் நம்பத்தக்கதன்று. பெரும்பாலோருக்கு இரண்டுமே ஒவ்வாது.

முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே. போதாதெனில் நாட வேண்டியது மருத்துவரை, ஆட்டை அன்று. 2011-இல் தொடங்கப்பட்ட விலையில்லா வெள்ளாடுகள் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு நான்கு ஆடுகள் வீதம் வழங்கப்பட்டன. ஆடு செல்லும் வீட்டுக்கெல்லாம் இச்செய்தியும் செல்ல வேண்டும். கொண்டு செல்ல வேண்டியவர்கள், அவ்வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்திருக்கும் நாமே. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது நம் ஆச்சிமார் அருகில் அமர்ந்து, அவர்கள் மனம் நோகாமல் இதை எடுத்துச் சொல்வோமாக!