சட்டப் புத்தகத்துக்கு ஏன் பூட்டு?

"சட்டம் எனக்குத் தெரியாதுங்க, எசமான்" என்று கூண்டில் நின்று சொன்னால் எந்த மாஜிஸ்திரேட்டாவது ஏற்றுக்கொள்வாரா? ஏற்கமாட்டார். சட்டம் தெரியாது என்பது மன்னிப்புக்குக் காரணமாகாது. இது கோர்ட்டின் பால பாடம். பஞ்சாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் தொழிலாளிக்கும் சட்டம் தெரியும், பெரியாற்றுக் கால்வாய்ப் பாசனத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும் சட்டம் தெரியும் என்று சர்க்கார் வைத்துக்கொள்கிறது.

நல்லது. அந்தச் சட்டம் எங்கே இருக்கிறது? எந்தப் பாஷையில் இருக்கிறது? வாடிப்பட்டி தாலுகாவில் ஒரு விவசாயக் கூலி வேலை முடிந்து கைகால் கழுவிக்கொண்டு போய் எடுத்துப் படிக்க, அது எந்த அலமாரியில் இருக்கிறது? இதற்குப் பதில் சொல்லும் கடமை ஆட்சியாளர்களுக்கு உண்டு.

ரோமாபுரி முதல் ஜெய்ப்பூர் வரை

சட்டத்தை மறைத்து வைப்பது ஆளும் வர்க்கத்தின் பழைய தந்திரம். ரோமாபுரியில் சட்டம் பிரபுக்களின் மனத்துக்குள்ளேயே இருந்தது. அவர்கள் சொன்னதே நியாயம். சாதாரண ஜனங்கள் போராடினார்கள். அதன் பிறகே கி.மு. 451-450-ல் பன்னிரண்டு பலகைகளில் சட்டத்தை எழுதி, ஊர் மன்றத்தில் எல்லோரும் பார்க்க வைத்தார்கள். சட்டம் வெளிச்சத்துக்கு வந்தது பிரபுக்களின் கருணையால் அல்ல, ஜனங்களின் போராட்டத்தால்!

நமது நாட்டிலும் ஒரு வழக்கு உண்டு. 1923-ல் ஜெய்ப்பூர் சமஸ்தானத்தின் மந்திரி சபை அபினிச் சட்டம் ஒன்றைத் தீர்மானமாக நிறைவேற்றிக்கொண்டது. பிரசுரிக்கவே இல்லை. பல வருஷங்கள் கழித்து ஹர்லா என்பவரை அதே சட்டத்தின் கீழ் தண்டித்தார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜனங்களுக்குத் தெரிவிக்காத சட்டத்தால் ஜனங்களைத் தண்டிப்பது இயற்கை நீதிக்கு விரோதம் என்று 1951-ல் சுப்ரீம் கோர்ட் அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

நாம் கேட்கிறோம்: கெஜட்டில் அச்சடித்துவிட்டால் மட்டும் ஜனங்களுக்குத் தெரிவித்ததாகுமா? கெஜட்டைக் கண்ணால் பார்த்த கூலிக்காரர் எத்தனை பேர்?

நூலகம் இருக்கிறது, யாருக்கு?

சட்ட நூலகங்கள் இல்லாமல் இல்லை. 1862-ல் ஏற்பட்ட சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகளுக்கு நூலகம் இருக்கிறது. வக்கீல்களின் சங்கங்களுக்கு நூலகங்கள் இருக்கின்றன. சட்டக் கல்லூரிகளில் இருக்கின்றன. தென் மாவட்ட ஜனங்கள் நெடுநாள் கேட்ட பிறகு 2004 ஜூலை 24-ல் மதுரையில் ஹைகோர்ட் கிளை திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் காவலையும் சோதனையையும் தாண்டி உள்ளே போய், "குத்தகைச் சட்டம் கொடுங்கள், படித்துவிட்டுத் தருகிறேன்" என்று கேட்க ஒரு சம்சாரிக்கு அங்கே இடம் ஏது? நீதிபதிக்கு உண்டு, வக்கீலுக்கு உண்டு, மாணவருக்கு உண்டு. யார் மீது சட்டம் பாய்கிறதோ அவருக்கு மட்டும் இல்லை!

பணமில்லை என்று சொல்ல வேண்டாம். சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது நமது சென்னை ராஜதானியில், 1948-ல். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் அதற்காகப் பாடுபட்டார். அன்று முதல் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்குகிறார்கள். இன்று அது வரியில் ரூபாய்க்கு 10 காசு. ஓட்டு வீட்டுக்காரரும் கட்டுகிறார். கோர்ட்டுக்குப் போனால் ஸ்டாம்புக் கட்டணமும் கட்டுகிறார். பணம் நம்முடையது, பூட்டு மட்டும் அவர்களுடையதா?

முதலாளித்துவத்தின் கோட்டை என்று பேர் வாங்கிய அமெரிக்காவைப் பாருங்கள். அங்கே கலிபோர்னியாவில் 1891-ல் ஒரு சட்டம் செய்து மாவட்டம்தோறும் சட்ட நூலகம் ஏற்படுத்தினார்கள். சிவில் வழக்குத் தொடுப்பவர்கள் கட்டும் கட்டணத்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. நீதிபதிக்கும் வக்கீலுக்கும் மட்டுமல்ல, அந்த மாவட்டத்தில் குடியிருக்கும் எவருக்கும் அது இலவசம். அங்கே ஏழைக்கு நீதி தாராளமாகக் கிடைக்கிறது என்று நாம் சொல்லவில்லை. டாலர் தேசத்திலேயே முடிந்த காரியம் இங்கே ஏன் முடியாது என்றுதான் கேட்கிறோம்.

தெரியாததால் இழந்தது

இது படித்தவர்களின் புத்தக ஆசை அல்ல. நிலமும் வீடும் கூலியும் சம்பந்தப்பட்ட விஷயம்.

1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மிராசுதார் நினைத்தபோது குத்தகைதாரரை வெளியேற்ற முடியாது என்றது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. வாய்ப்பேச்சில் குத்தகை நடத்தியவர், இப்படி ஒரு பதிவேடு இருப்பதே தெரியாமல் இருந்தால் அவர் கதி என்ன? பண்ணையாருக்கு வக்கீல் சொன்னார். குத்தகைதாரருக்குச் சொன்னது யார்? 1971-ல் குடியிருப்புச் சட்டம் வந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையைச் சொந்தமாக்கியது. சட்டம் கொடுத்ததைக் கேட்டு வாங்க, அப்படி ஒரு சட்டம் உண்டென்று முதலில் தெரிய வேண்டாமா?

மில் தொழிலாளிக்கு வருவோம். 1946-ம் வருஷத்து நிலையாணைச் சட்டம், வேலை நிபந்தனைகளை ஆங்கிலத்திலும் பெரும்பாலான தொழிலாளருக்குத் தெரிந்த பாஷையிலும் மில் வாசலருகே பலகையில் ஒட்டச் சொன்னது. 100 பேர் வேலை செய்யும் ஆலைக்கே அது பொருந்தியது. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புகள் அமலுக்கு வந்தன. 29 சட்டங்களை அவை விழுங்கிவிட்டன. நிலையாணைகள் இனி 300 பேருள்ள இடத்துக்குத்தான்! 250 பேர் வேலை செய்யும் நூற்பாலையின் தொழிலாளி இதை எங்கே போய்ப் படித்துத் தெரிந்துகொள்வார்? வேலை போன பிறகா?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டமும் போய்விட்டது. நாம் வசையாகவே சொல்லிப் பழகிய '420' இப்போது 318. கொலைக்கு '302' இப்போது 103. புதிய சட்டத்துக்குப் பேரே வடமொழியில். பழைய புத்தகங்கள் ஒரே இரவில் பழசாயின. பழசைப் போல் புதியதையும் பூட்டி வைப்பார்களா?

சாக்குகள் போதும்

"எல்லாம்தான் செல்போனில் இருக்கிறதே" என்கிறார்கள். இருப்பதில் பெரும்பகுதி ஆங்கிலம். அரசியல் சட்டத்தின் 348-வது பிரிவு சுப்ரீம் கோர்ட்டையும் ஹைகோர்ட்டையும் ஆங்கிலத்தில் கட்டிப்போட்டிருக்கிறது. ஹைகோர்ட்டில் தமிழ் வேண்டுமென்று 2006-ல் சட்டசபை தீர்மானம் போட்டும் நடக்கவில்லை.

"இலவசச் சட்ட உதவி இருக்கிறதே" என்கிறார்கள். 1987-ம் வருஷத்துச் சட்டப்படி அது உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் அதில் உரிமை உண்டு. தோழர்கள் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். ஆனால் வழக்கு வந்த பிறகு வக்கீல் கொடுப்பது வேறு. வழக்கு வருமுன்பே ஜனங்கள் தங்கள் உரிமையைத் தெரிந்து நிமிர்ந்து நிற்பது வேறு. இந்த இரண்டாவதுதான் பண்ணைகளுக்கும் முதலாளிகளுக்கும் கசக்கிறது!

"கூலிக்காரனுக்குச் சட்டம் புரியுமா?" என்று சிலர் சிரிக்கிறார்கள். டீக்கடையில் ஒருவர் பத்திரிகை வாசிக்க, பத்துப் பேர் கேட்டு உலக அரசியலை விவாதிக்கும் ஊர் இது. புரியாத சட்டம் என்றால் குற்றம் கேட்பவரிடம் இல்லை, எழுதியவரிடம்.

நாம் கேட்பது

தாலுகாதோறும், கோர்ட் வளாகத்துக்கு வெளியே, பொது நூலகத்திலேயே சட்டப் படிப்பகம் வேண்டும். தொடக்கம் வாடிப்பட்டியில் ஆகட்டும். நிலம், கூலி, ஆலை, குடிமனை, தண்டனைச் சட்டங்கள் தமிழில் அங்கே இருக்க வேண்டும். திருத்தம் வந்தால் உடனே வந்து சேர வேண்டும். எடுத்துக் காட்டிச் சொல்லத் தெரிந்த நூலகர் வேண்டும். ஷிப்டு முடிந்தவரும் களத்திலிருந்து திரும்பியவரும் வர, இரவு 9 மணி வரை திறந்திருக்க வேண்டும்.

சங்கங்கள் தீர்மானம் போடட்டும்! கிராமசபையில் எழுந்து கேட்போம்! தாசில்தாரிடம் மகஜர் கொடுப்போம்! நம்மை ஆளும் சட்டத்தை நாமே படித்தாக வேண்டும். பூட்டைத் திற!