வாராக்கடனும் தள்ளுபடியும்

ஒரு சொல் பல பொருள் தருதல் செய்யுளுக்கு அணி. கணக்குக்கோ அஃது இடர். சிலேடையைச் சுவைத்துப் பழகிய தமிழ் மாணவராகிய யாம் கணக்கேட்டைப் பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு வியப்பைத் தரலாம். வணிகவியல் நண்பர்கள், தம் வயலில் அயலார் ஆடு மேய்வதாக நகைக்கவுங் கூடும். ஆயினும், நாட்டிற் பெரும் பூசலை விளைத்துவரும் ஒரு செய்தி, ஆராயுமிடத்துப் பாதி பணத்தைப் பற்றியதாகவும் பாதி சொல்லைப் பற்றியதாகவும் இருத்தலின், அச் சொற்பாதியில் எமக்கும் உரிமை உண்டென்று துணிகின்றோம்.

ஆடி மாதத்தில் துணிக்கடை வாயிலிற் பலகையாய்த் தொங்குவது தள்ளுபடி. நீதிமன்றம் ஒரு மனுவை ஏலாதொழியின் அதுவுந் தள்ளுபடி. 2021 பிப்ரவரியில், 16.43 லட்சம் உழவர்கள் கூட்டுறவு நிறுவனங்களிற் பெற்றிருந்த 12,110 கோடி ரூபாய்ப் பயிர்க்கடனைத் தமிழக அரசு நீக்கிற்று, அதுவுந் தள்ளுபடி. 2014-15 தொடங்கிப் பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் ஏறத்தாழ 16 லட்சம் கோடி ரூபாய்க் கடனைத் தம் ஏடுகளினின்று நீக்கின என்று 2025இல் நாடாளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. அதனையும் தள்ளுபடி என்றே பலரும் எழுதினர், பேசினர். முன்னிரண்டாலும் தீங்கில்லை. பின்னிரண்டையும் ஒன்றெனக் கொண்டு, உழவனுக்கு ஈந்ததினும் செல்வர்க்கு நூறு மடங்கு ஈந்தனரே என்று வெகுள்வோர் பலர். அவ்வெகுளியில் நியாயமே இல்லையென்று யாம் கூறவில்லை. அது பாயவேண்டிய இடத்திற் பாய்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

ஒரு கடனைக் கணக்கினின்று நீக்குதலாவது யாது? ஈரோட்டில் ஒரு துணி வணிகர் இருப்பதாகக் கொள்வோம். மார்ச்சு 31ஆம் நாள் அவர் ஏட்டிற் கடனாளிகளிடமிருந்து வரவேண்டிய தொகை 1,00,000 ரூபாய். அவர்களுள் ஒருவர் 2,000 ரூபாய்ப் பாக்கியுடன் கடையை மூடி ஊரைவிட்டே சென்றுவிட்டார். வணிகர் அத்தொகையை வாராக்கடன் கணக்கிற் பற்றெழுதி, அக்கடனாளியின் கணக்கில் வரவு வைக்கிறார். ஆண்டிறுதியில் 2,000 ரூபாய் நட்டமாக இலாபநட்டக் கணக்கில் ஏறுகிறது. எஞ்சிய 98,000 ரூபாயில் எவர் தவறுவார் என்பது அவர்க்குத் தெரியாது; சிலர் தவறுவர் என்பது மட்டும் தெரியும். தம் பழைய ஏடுகளைப் பார்த்து, நூற்றுக்கு ஐந்து வாராது போகும் என்று மதிப்பிட்டு, 4,900 ரூபாயை வாரா ஐயக்கடன் ஒதுக்காக வைக்கிறார். ஐந்தொகையில் கடனாளிகளின் மதிப்பு 93,100 ரூபாய் என்று நிற்கிறது.

தவறுகிறவர் இன்னார் என்று தெரியுமுன்னரே ஒதுக்கு வைப்பது ஏன் என்று வினவலாம். இவ்வாண்டு விற்பனையின் இலாபத்தை இவ்வாண்டே எடுத்துக்கொண்டு, அதே விற்பனையால் நேரும் நட்டத்தை வருமாண்டின் தலையிற் சுமத்துதல் நேர்மையாகாது. இரு கூட்டாளிகள் உள்ள கடையில், ஒருவர் இவ்வாண்டுடன் விலகுகிறார் என்க. ஒதுக்கின்றிக் கணக்கிட்டால், அவர் வாராத பணத்திலும் பங்கு பெற்றுச் செல்வார். நட்டமோ எஞ்சியவர்க்கே முழுதும் உரியதாகும். ஏட்டில் எழுதாது விட்ட நட்டம் மறைந்து போவதில்லை. எழுதாதவரை விட்டு மற்றொருவரிடம் போய்ச் சேருகிறது.

நிற்க, ஊரைவிட்டுச் சென்ற கடனாளிக்கு இதனால் யாது நேர்ந்தது? ஒன்றும் நேரவில்லை. தம் பெயர்க்கணக்கு முடிக்கப்பட்டதை அவர் அறியவும் மாட்டார். அவர் கொடுக்கவேண்டிய 2,000 ரூபாய் கொடுக்கவேண்டியதாகவே இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் இத்தகைய கடனுக்கு அளிக்கும் 3 ஆண்டுக்குள் வணிகர் வழக்குத் தொடுக்கலாம். அவரே மனந்திரும்பிப் பணத்தைக் கொணர்ந்தால், ரொக்கத்திற் பற்றெழுதி, வசூலான வாராக்கடன் என்னுங் கணக்கில் வரவு வைப்பர். 1961ஆம் ஆண்டின் வருமானவரிச் சட்டமும், ஏட்டினின்று நீக்கப்பெற்ற கடனை வரிக்குரிய வருமானத்திற் கழித்துக்கொள்ள இடந்தந்து, பின்னர் அது வசூலானால் அவ்வாண்டின் வருமானமாகக் கொண்டது. நீக்கிய கடனும் வசூலாகலாம் என்று சட்டமே எதிர்பார்த்தது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

உழவர் கடன் நீங்கியதோ வேறு வகையது. ஆங்கே கடனாளி முற்றும் விடுபட்டார். அவரை இனி ஒருவருங் கேட்கவியலாது. கடன் தந்த கூட்டுறவு நிறுவனத்துக்கு அத்தொகையைத் தர அரசு ஏற்றது. வணிகர் ஏட்டில் நிகழ்ந்ததற்கு இஃது இரு வழியிலும் மாறானது: ஈண்டுக் கடனாளி விடுபடவில்லை, கடன் தந்தவர்க்கு ஈடு செய்வாரும் இல்லை. இவ்வாறு எதிரெதிராய் நிற்கும் இரண்டுக்கும் ஒரே பெயரிட்டு வழங்குகிறோம்.

வாராக்கடன் என்னுஞ் சொல்லிலும் ஒரு சிக்கல் உளது. ‘வாரா’ என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். எதிர்மறைப் பெயரெச்சம் மூன்று காலத்துக்கும் பொது. இதுகாறும் வராத கடனும் வாராக்கடனே. இனி என்றும் வரமாட்டாத கடனும் வாராக்கடனே. வட்டியோ முதலின் தவணையோ 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அக்கடனைச் செயற்படாச் சொத்தாகப் பிரிக்கவேண்டும் என்னும் விதி, 2004 மார்ச்சில் முடிந்த ஆண்டுமுதல் நம் வங்கிகளுக்கு வந்தது. அது தவணை தவறிய கடன். அதிற் பெரும்பகுதி பின்னர் வருதலுங் கூடும். அதனையும் வாராக்கடன் என்றே செய்தித்தாள்கள் குறிக்கின்றன. இலக்கணம் காலத்தைப் பிரிக்காத இடத்திற் கணக்கு பிரித்தே ஆகவேண்டும். நேற்று வராதது வேறு, நாளை வாராதது வேறு.

இவையெல்லாம் ஏட்டுப் பேச்சு. நீக்கிய கடனிற் பின்னர் வசூலாவது சிறுபகுதியே. ஆதலின் பெயர் யாதாயினும் பயன் ஒன்றே என்று மறுப்பார் உளர். வசூல் குறைவென்பது மெய், அம்மறுப்பு வலிமையுடையதே. ஆனால் அதுவே எம் கொள்கைக்குத் துணையாகின்றது. தள்ளுபடி என்று கேட்ட மக்கள், கடன் முடிந்தது என்று கருதி, ‘ஏன் கொடுத்தீர்கள்’ என்று கூவி அமைகின்றனர். கடன் இன்னும் உயிருடன் இருக்கிறது என்று அறிந்தாலன்றோ, ‘நீக்கிய பின் எவ்வளவு வசூலித்தீர்கள்? எவரிடம் வசூலிக்கவில்லை? ஏன்?’ என்று கேட்பர்? மழுங்கிய சொல்லாற் கேட்கவேண்டிய கேள்வி கேட்கப்படாது போகின்றது. அதனால் உண்மையாகவே தப்புகிறவர், கொடுக்க வல்லவராயிருந்தும் கொடாதவரே. மற்றொரு தீங்கும் உண்டு. நீக்குதலே குற்றம் என்று ஊரார் தூற்றின், செத்த கடனையும் உயிருள்ளதாகக் காட்டும் ஆசை கணக்கர்க்கு உண்டாகும். வாராத வட்டியையும் வருமானமாக எழுதும் வழக்கம் நம் வங்கிகளில் ஒருகால் இருந்தது. 1991இல் நரசிம்மம் குழு உரைத்த பின்னரே அதற்குக் கட்டுப்பாடு வந்தது. அந்நிலைக்கு மீளுதல் எவர்க்கும் நன்றன்று.

ஆதலின் யாம் வேண்டுவது எளியது. கடனாளியை விடுவித்தலைக் கடன் மன்னிப்பு என்போம். மத்தேயு சுவிசேஷத்துப் பரமண்டல ஜெபத்தில் கடன் என்பதும் மன்னித்தல் என்பதும் சேர்ந்தே நிற்றலின், அது நமக்குப் புதிதன்று. ஏட்டினின்று நீக்குதலைப் போக்கெழுதுதல் என்போம். இச் சொல்லை யாம் புனையவில்லை. மேனிலைப் பள்ளிக் கணக்குப்பதிவியல் நூல்களிற் பயின்றுவரும் சொல் அது. வருவது வரவு, செல்வது செலவு, போனதாக எழுதுவது போக்கு. மூன்றும் ஒரு குடிப்பிறந்தவை. வகுப்பறையில் அடைபட்டுக் கிடக்கும் அச்சொல்லைச் செய்தித்தாளுக்கும் தேநீர்க்கடைக்கும் கொண்டுசெல்ல வேண்டுவதே குறை. தள்ளுபடி ஆடி மாதத்துக்கும் நீதிமன்றத்துக்கும் உரியதாய் இருக்கட்டும்.

இக்கல்லூரியினின்று ஆண்டுதோறும் வங்கிக்குச் செல்வாரும், செய்தித்தாளுக்குச் செல்வாரும், ஆசிரியராவாரும் பலர். இரு பொருளுக்கு இரு சொல் என்னும் இச்சிறு விதியை அவர் ஒவ்வொருவரும் தத்தம் மேசையிற் காப்பாராயின், கடன்பட்டாரையும் கடன் தந்தாரையும் கணக்குக் கேட்கும் ஆற்றல் பொதுமக்களுக்கு உண்டாகும்.